மழை குறையவில்லை, வரத்து மட்டும் ஏன் குறைகிறது?

மழைக் கணக்கில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு முன் இதே மழைக்கு நிரம்பிய நீர்த்தேக்கம் இப்போது பாதிகூட நிரம்புவதில்லை. நீர்ப்பிடிப்புப் பகுதியில் காடு அழிந்ததுதான் காரணமா, மரம் நட்டால் பழைய வரத்து திரும்பிவிடுமா என்பது கேள்வி. இதற்கு ‘ஆம்’ என்று ஒரே சொல்லில் விடை சொல்பவர்கள் ஏராளம். அந்த விடையை நம்பிப் பணமும் ஆண்டுகளும் செலவிட்டு ஏமாந்த இடங்கள் உலகில் பல இருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். காட்டை வெட்டினால் பெரும்பாலான இடங்களில் ஆண்டு வரத்து கூடுகிறது என்பதும், மரம் நட்டால் குறைகிறது என்பதும் நூறாண்டுக்கு மேலான அளவீடுகள் காட்டும் உண்மை. இதைச் சொன்னால் காட்டுக்கு எதிரானவர் என்று பெயர் வந்துவிடுமோ என்று பலர் தயங்குகிறார்கள். காடு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் காடு செய்யாத ஒரு வேலையை அதன் தலையில் ஏற்றி வைப்பது காட்டுக்கும் நல்லதல்ல, நீர்த்தேக்கத்துக்கும் நல்லதல்ல.

விழும் மழையில் ஒரு பகுதி ஆவியாகி வானுக்கே திரும்புகிறது. இலையிலும் மண்ணிலும் நின்று உலர்வதும், வேர் உறிஞ்சிய நீரை இலை வெளிவிடுவதும் இதில் அடங்கும். இன்னொரு பகுதி மண்ணுக்குள் இறங்கி நிலத்தடியில் தங்குகிறது, அல்லது மெல்ல நகர்ந்து ஓடையில் ஊற்றாக வெளிப்படுகிறது. மற்றது நிலத்தின் மேலாகவே வழிந்து ஓடுகிறது. நீர்த்தேக்கத்துக்கு வந்து சேர்வது ஆவியானதும் நிலத்தடியில் தங்கியதும் போக மிச்சம். இந்த ‘மிச்சம்’ என்ற சொல்லை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆண்டுக்கு 800 மி.மீ. மழை பெறும் ஓரளவு வறண்ட நீர்ப்பிடிப்பில் 700 மி.மீ. ஆவியாகப் போய், 100 மி.மீ. மட்டும் ஆற்றுக்கு வருவதாகக் கொள்வோம். பயிரோ மரமோ மாறி, ஆவியாகும் அளவு வெறும் 40 மி.மீ. கூடினால், அது செலவுக் கணக்கில் ஆறு விழுக்காட்டுக்கும் குறைவான மாற்றம்தான். ஆனால் வரத்து 100-லிருந்து 60 ஆகிவிடும். நாற்பது விழுக்காடு இழப்பு. ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு மி.மீ. நீர் என்பது பத்து லட்சம் லிட்டர். 500 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பில் அந்த 40 மி.மீ., இரண்டு கோடி கன மீட்டர், அதாவது ஏறக்குறைய 0.7 டி.எம்.சி. நிலத்தில் நடந்து போகிற ஒருவர் கண்ணுக்கு அந்த ஆறு விழுக்காடு தெரியவே தெரியாது. அணையின் அளவுகோலில்தான் தெரியும். அதே 40 மி.மீ. கூடுதல் செலவு, 2,500 மி.மீ. மழை பெய்து 1,400 மி.மீ. ஆறாக ஓடும் மலைப்பகுதியில் நேர்ந்தால், மூன்று விழுக்காடுகூட இல்லை. யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆகவே ஒரே நில மாற்றம் ஓரிடத்தில் அணையை வற்றச் செய்யும், மற்றோரிடத்தில் ஒன்றுமே செய்யாது.

இந்தப் பெருக்க விளைவை மழையின் பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவின் தென்மேற்கில் பெர்த் நகருக்கு நீர் தரும் அணைகளின் பகுதியில் 1970-களின் நடுவிலிருந்து மழை ஏறக்குறைய 15 விழுக்காடு குறைந்தது. அணைகளுக்கான வரத்தோ அடுத்த கால் நூற்றாண்டில் பாதியளவுக்குச் சரிந்தது. மழை குறைந்தாலும் செலவு கூடினாலும் அடி விழுவது மிச்சத்தின் மீதுதான்.

மரம் ஏன் அதிகம் செலவழிக்கிறது என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று வேரின் ஆழம். மேல்மண் காய்ந்ததும் புல் பழுத்து நின்றுவிடுகிறது; மரம் ஆழத்திலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கிறது. மற்றது, பலரும் எண்ணிப் பார்க்காதது, இலைகளின் மீது தங்கி உலர்ந்துபோகும் மழை. தூறல் நாளில் அடர்ந்த ஊசியிலைத் தோப்புக்குள் நின்று பாருங்கள்: வெளியே அரைமணி நேரமாகப் பெய்துகொண்டிருக்கும்; உள்ளே சருகு நனைந்திருக்காது. மேலே ஒவ்வோர் இலையும் ஒரு துளியைப் பிடித்து வைத்திருக்கிறது. உயர்ந்து கரடுமுரடாக நிற்கும் மர உச்சிகளைக் காற்று கலக்கிக்கொண்டே இருப்பதால், மழை நின்ற சிறிது நேரத்தில் அந்தத் துளிகள் தரைக்கு வராமலேயே ஆவியாகிவிடுகின்றன. சிறு சிறு தூறலாகப் பெய்யும் நாடுகளில் இந்த இழப்பு மிகப் பெரியது; கொட்டித் தீர்க்கும் பெருமழையில் விகிதம் குறைவு.

இதை முதலில் அழுத்தமாகச் சொன்னவர்களில் ஒருவர் நீர் வழங்கல் பொறியாளர் என்பது கவனிக்கத்தக்கது. இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் ஸ்டாக்ஸ் நீர்த்தேக்கத்தைச் சுற்றி சிட்கா ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரங்களை நட்டிருந்தார்கள். ஃபிரேங்க் லா என்னும் பொறியாளர், தோப்பின் ஒரு சிறு துண்டைச் சுற்றிலும் தடுப்பிட்டு, உள்ளே விழும் மழையையும் அடியில் வடியும் நீரையும் அளந்தார். 1956-இல் அவர் வெளியிட்ட முடிவு, புல்வெளியைவிட அந்தத் தோப்பு ஆண்டுக்கு ஏறக்குறைய 290 மி.மீ. கூடுதலாக இழக்கிறது என்பது. அப்போது அதை ஏற்க மறுத்தவர்கள் பலர். வேல்ஸில் உள்ள பிளின்லிமோன் மலையில், காடு மிகுந்த செவெர்ன் ஆற்றுத் தலைப்பையும் புல் மூடிய வை ஆற்றுத் தலைப்பையும் பல ஆண்டுகள் ஒப்பிட்டு அளந்த பிறகுதான், இடத்துக்கு இடம் அளவு மாறினாலும் அவர் சொன்ன திசை சரி என்று ஏற்கப்பட்டது.

இத்தகைய ஒப்பீட்டுக்கு ஒரு முறை இருக்கிறது. மண்ணும் சரிவும் மழையும் ஒத்த இரண்டு சிறு ஓடைப் பள்ளத்தாக்குகளைத் தேர்ந்தெடுத்து, இரண்டின் வாயிலும் சிறு கலிங்கு கட்டி, சில ஆண்டுகள் எதையும் தொடாமல் நீரை அளப்பார்கள். பிறகு ஒன்றில் மட்டும் காட்டை வெட்டுவார்கள், அல்லது மரம் நடுவார்கள். மற்றது அப்படியே இருக்கும். அமெரிக்காவின் கொலராடோவில் வேகன் வீல் கேப் என்ற இடத்தில் 1910-இல் தொடங்கிய சோதனையே இவ்வகையில் முதலாவது. 1982-இல் 94 நீர்ப்பிடிப்புகளின் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நீர்ப்பிடிப்பின் பரப்பில் ஒவ்வொரு 10 விழுக்காட்டிலும் மரம், செடி மூடிய நிலை மாறும்போதும் ஆண்டு நீரோட்டம் ஊசியிலை மரங்களுக்கும் யூக்கலிப்டஸ் என்னும் தைலமரத்துக்கும் சுமார் 40 மி.மீ., இலையுதிர் மரங்களுக்கு 25 மி.மீ., புதருக்கும் புல்லுக்கும் 10 மி.மீ. மாறுவதாகத் தெரிந்தது. மேலே நான் போட்ட 40 மி.மீ. கணக்கு வெறும் கற்பனை எண் அல்ல. பத்தில் ஒரு பங்கு நிலத்தில் தைலமரம் ஏறினால் மழை போதுமான இடத்தில் நிகழக்கூடியது. வறண்ட இடங்களில் மாற்றம் இதைவிடச் சிறிது. ஆனால் அங்கே மிச்சமும் சிறிது.

மரத்தின் வகையும் முக்கியம். அமெரிக்காவின் கோவீட்டா ஆய்வுக் காட்டில் இலையுதிர் மரங்களை வெட்டிவிட்டு 1950-களில் வெள்ளைப் பைன் நட்டார்கள். பதினைந்து ஆண்டுகளில் நீரோட்டம் ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்துவிட்டது. இரண்டும் காடுதான், ஆனால் பழைய மரங்கள் குளிர்காலத்தில் இலையுதிர்த்து நின்ற மாதங்களிலும் பைன் இலையோடு நின்று மழையைப் பிடித்தது. நீலகிரியில் கிளென்மார்கனில் நடந்த ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. இயற்கைப் புல்வெளியும் சோலையும் கொண்ட இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளில் ஒன்றில் 59 விழுக்காடு பரப்பில் தைலமரம் நட்டார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றில் ஆண்டு நீரோட்டம் சராசரியாக 16 விழுக்காடு குறைந்தது. வெட்டிய அடிக்கட்டையிலிருந்து துளிர்த்த இரண்டாம் சுற்றில், வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருந்ததால், 25 விழுக்காடு குறைந்தது. அதைவிடக் கவலைக்குரியது கோடையின் குறைந்தபட்ச ஓட்டம்: அது முதல் சுற்றில் பாதியாகவும், இரண்டாம் சுற்றில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவும் இளைத்தது. புல்வெளியை வெறும் தரிசு என்று எண்ணி மரம் நட்ட தவறு அது. அந்த மலையின் நீர்த்தொட்டியே அந்தப் புல்வெளியும் அதன் மடிப்புகளில் இருக்கும் சோலைகளும் சதுப்புகளும்தான்.

தென்னாப்பிரிக்காவில் மொகோபுலானில் புல்வெளி ஓடை ஒன்றின் நீர்ப்பிடிப்பில் யூக்கலிப்டஸ் நட்டபோது, ஒன்பதாம் ஆண்டில் ஓடை முற்றிலும் வறண்டுபோனது. பக்கத்து ஓடையில் பைன் நட்டார்கள். அது பன்னிரண்டாம் ஆண்டில் வறண்டது. அந்த நாடு இந்த அளவீடுகளைச் சட்டமாகவே மாற்றியது: புதிய தோட்டங்களுக்கு 1972 முதல் அனுமதி தேவை, 1998-ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டம் வணிகக் காடு வளர்ப்பை ‘ஓடையின் ஓட்டத்தைக் குறைக்கும் செயல்’ என்று வகைப்படுத்தி, பாசனம் போலவே அதையும் நீர்ப் பயன்பாடாகக் கணக்கில் எடுக்கிறது. என் கருத்தில் இது மற்ற நாடுகளும் பின்பற்ற வேண்டிய நேர்மையான அணுகுமுறை.

மரத்தின் வயதும் ஒரு காரணி என்பதற்கு மெல்போர்ன் நகரின் நீர்ப்பிடிப்புகள் சான்று. அங்கே மலைச் சாம்பல் மரம் என்று சொல்லப்படும் மிக உயர்ந்த யூக்கலிப்டஸ் வகை, 1939 ஜனவரித் தீயில் பெருமளவில் எரிந்தது. எரிந்தபின் சில ஆண்டுகள் வரத்து குறையவில்லை. பிறகு ஒரே வயதில் நெருக்கமாக எழுந்த இளங்காடு, முதிர்ந்த காட்டைவிட மிக அதிகமாக நீரைக் குடிக்கத் தொடங்கியது. தீக்குப் பின் 25, 30 ஆண்டுகளில் நீரோட்டம் முதிர்ந்த காட்டில் இருந்ததில் ஏறக்குறைய பாதியாக இறங்கியது. முழுவதும் மீள நூறாண்டுக்கு மேல் ஆகும் என்று கணக்கிட்டார்கள். காடு அங்கேயேதான் இருந்தது. தொலைவிலிருந்து பார்த்தால் அதே பச்சைதான். வரத்து மட்டும் இல்லை.

அப்படியானால் காட்டை வெட்டிவிட்டால் அணை நிரம்புமா என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் மண்ணைப் பற்றிப் பேச வேண்டும்.

அடியும் மேலும் திறந்த ஓர் இரும்பு வளையத்தை எடுத்துச் சருகு மூடிய காட்டுத் தரையில் நான்கு விரல் ஆழத்துக்குத் தட்டி இறக்கி, ஒரு குடம் நீரை ஊற்றிப் பாருங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீர் உள்ளே போய்விடும். மண்புழுத் துளை, கரையான் துளை, மட்கிய வேர் விட்டுச் சென்ற குழல் என்று நீர் இறங்க நூறு வழிகள் அங்கே இருக்கின்றன. அதே வளையத்தைக் கால்நடைகள் ஆண்டுக்கணக்கில் மிதித்த வெற்று நிலத்தில் இறக்குங்கள். முதலில், இறங்கவே பெரிய சுத்தியல் வேண்டியிருக்கும். ஊற்றிய நீர் கலங்கி அப்படியே நிற்கும். மேலே மெல்லிய பொருக்கு ஒன்று பளபளக்கும். மழைத்துளி நேரடியாக மண்ணில் மோதும்போது மண்கட்டி உடைந்து நுண்துகள்களாகச் சிதறுகிறது. அந்தத் துகள்கள் துளைகளில் படிந்து அடைக்கின்றன. வெயிலில் அது இறுகிவிடுகிறது. அடுத்த மழைக்கு அந்த நிலம் ஏறக்குறைய சிமெண்டுத் தளம்.

ஆகவே காட்டை வெட்டுவது ஒன்று. வெட்டியபின் அந்த மண்ணை என்ன செய்கிறோம் என்பது வேறொன்று. சோதனைகளில் மரத்தை வெட்டியவர்கள் பெரும்பாலும் மண்ணைக் கலைக்காமல் விட்டார்கள். வெளியே நிலம் உழப்படுகிறது, மேய்க்கப்படுகிறது, சாலை போடப்படுகிறது. மரம் போனதால் மிச்சமான நீர், மண் கெட்டதால் இறங்க முடியாமல் ஒரே மூச்சில் வெள்ளமாக ஓடிவிடும். ஆண்டு மொத்தம் கூடும். கோடை ஓட்டம் குறையும். மண்ணின் வாங்கும் திறன் அதிகம் கெடாத இடத்தில் கோடை ஓட்டமும் கூடலாம். மரம் போனதால் மிச்சமாகும் நீர், மண் கெட்டதால் இறங்காமல் போகும் நீர் ஆகிய இரண்டில் எது பெரியது என்பதே கோடையைத் தீர்மானிக்கிறது. பனாமாக் கால்வாய்க்கு நீர் தரும் பகுதியில் அகுவா சாலூட் என்ற இடத்தில் நடந்த அளவீடுகள், காட்டு ஓடைகளில் பெருமழையின்போது வெள்ள உச்சம் மேய்ச்சல் நிலத்தைவிடத் தாழ்ந்திருப்பதையும், வறண்ட பருவத்தின் கடைசியில் ஓட்டம் கூடுதலாக இருப்பதையும் காட்டின.

பொருக்குப் பிடித்த மண் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஆப்பிரிக்காவின் சஹேல் பகுதி விந்தையான எடுத்துக்காட்டு. 1970-களிலும் 80-களிலும் அங்கே கடும் வறட்சி, மழை குறைந்தது. ஆனால் நைஜர் ஆற்றின் நடுப்பகுதியில் சேரும் பல சிற்றாறுகளில் நீரோட்டம் கூடியது. புதர்க்காடு அழிந்து, சாகுபடி பெருகி, மண் பொருக்கேறியதால், பெய்த குறைந்த மழையும் நிலத்தில் தங்காமல் ஓடிவிட்டது. வரத்து கூடுவதை மட்டும் வெற்றி என்று எண்ணினால் சஹேலையும் வெற்றி என்று சொல்ல வேண்டியிருக்கும். மாறாக, புர்கினா ஃபாஸோவில் 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று, மரமே இல்லாத நிலத்தைவிடவும் அடர்ந்த தோப்பைவிடவும் மரங்கள் நடுத்தர அளவில் பரவி நிற்கும் நிலத்தில்தான் நிலத்தடிக்கு அதிக நீர் இறங்குவதாகக் கண்டது. மரத்தடி மண் நீரை வாங்குகிறது. மரங்கள் குறைவாக இருப்பதால் குடிக்கும் வாய்களும் குறைவு.

இன்னொரு விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். எப்போதும் முகில் தவழும் மலைமுகடுகளில், காடு மூடுபனியிலிருந்தே நீரைச் சீவி எடுத்துத் தரைக்குச் சொட்டவிடுகிறது. மழைமானியில் அது பதிவாவதில்லை. அத்தகைய காட்டை வெட்டினால் அந்த வரவு நின்றுபோகும். அங்கே பொது விதி செல்லாது.

இவற்றையெல்லாம் நீர்த்தேக்கத்தின் கண்ணோடு பார்த்தால், எந்த மாதிரி நீர்த்தேக்கம் என்ற கேள்வி முன்னால் வந்து நிற்கிறது. ஆண்டு வரத்தைவிடப் பெரிய கொள்ளளவு கொண்ட அணைக்கு வெள்ளமாக வந்தாலும் ஊற்றாக வந்தாலும் ஒன்றுதான், எல்லாவற்றையும் பிடித்துவைக்கும். அதற்கு ஆண்டு மொத்தமே முக்கியம். ஆகவே அதன் தலைப்பகுதியில் பெருந்தோட்டம் எழுவது நேரடி இழப்பு. சிறிய அணையோ இரண்டு வெள்ளத்தில் நிரம்பி, மூன்றாவதை உபரியாகத் திறந்துவிடும். அதற்கு வெள்ளம் கூடுவதால் பயனில்லை. மழை நின்றபின் மூன்று மாதம் வரும் சீரான கசிவே அதன் உயிர். அதன் நீர்ப்பிடிப்பில் மண்ணைக் காப்பதே முதல் வேலை. ஒரே மலையில் இரண்டு அணைகள் இருந்தால் இரண்டுக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது.

நகரம் விரிவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காய்ந்த மண் 10 மி.மீ. மழையை முழுவதும் விழுங்கிவிடும். நூறு சதுர மீட்டர் கூரையோ ஆயிரம் லிட்டரை அப்படியே தள்ளிவிடும். மொத்த ஓட்டம் கூடும், நாள் கணக்கில் வந்தது மணிக்கணக்கில் வரும், வெள்ள உச்சம் ஏறும். ஆனால் அந்த நீர் நீர்த்தேக்கத்துக்குத்தான் வரும் என்று எந்த உறுதியும் இல்லை. மழைநீர் வடிகால்கள் பழைய ஓடையின் வழியே போவதில்லை. மனைப்பிரிவு, சாலைமேடு, ரயில்பாதை ஆகியவை வரத்துக் கால்வாயை அறுத்துவிடுகின்றன. வந்து சேர்ந்தாலும் கழிவுநீரோடு சேர்ந்து வருகிறது. நியூயார்க் நகரம் 1997-இல் கேட்ஸ்கில் மலைப்பகுதி ஊர்களோடு ஒப்பந்தம் செய்து, பல நூறு கோடி டாலர் செலவாகக்கூடிய வடிகட்டும் ஆலையைத் தவிர்க்க, நீர்ப்பிடிப்பு நிலத்தைக் காப்பதற்குப் பணம் கொடுத்தது. அது வாங்கியது நீரின் அளவை அல்ல, தூய்மையை.

இனி, வறண்ட சமவெளிகளில் பெரும்பாலும் உண்மையான விடையாக இருப்பது எது என்பதற்கு வருகிறேன். அது காடும் அல்ல, நகரமும் அல்ல; கிணறு.

ஓடையைச் சுற்றியுள்ள நிலத்தடி நீர்மட்டம் ஓடையைவிட உயர்ந்திருக்கும்வரை, நிலம் ஓடைக்கு நீர் கொடுக்கிறது. ஆழ்துளைக் கிணறுகள் பெருகி அந்த மட்டம் ஓடைத் தரைக்குக் கீழே இறங்கிய நாளிலிருந்து உறவு தலைகீழாகிறது: ஓடை நிலத்துக்குக் கொடுக்கத் தொடங்குகிறது. மழை நின்றபின் வந்த கசிவு முதலில் நின்றுபோகிறது. பிறகு, பருவத்தின் முதல் இரண்டு மூன்று மழைகளில் ஓடிய நீர், அணைக்கு வருமுன்பே மணலில் இறங்கி மறைகிறது. வற்றிப்போன நிலத்தடி முழுவதும் நிறைந்தால்தான் ஓடை ஓடும். அதற்குள் பருவம் முடிந்துவிடும். ஆண்டுக்கு ஒரு போகம் விளைந்த நிலத்தில் இப்போது கிணற்றை நம்பி இரண்டு மூன்று போகம் விளைகிறது. ஆவியாகும் கணக்கு அங்கேதான் ஏறுகிறது. விவசாயி குற்றவாளி அல்ல. தன் நிலத்துக்கு அடியில் இருக்கும் நீரை எடுக்கிறார். ஆனால் அந்த நீரும் அணைக்கு வர வேண்டிய நீரும் ஒன்றே என்பதை எந்தப் பதிவேடும் காட்டுவதில்லை.

பெங்களூருக்காக 1930-களில் அர்க்காவதி ஆற்றில் கட்டப்பட்ட திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் இப்படித்தான் தேய்ந்தது. காரணங்களை ஒவ்வொன்றாகச் சோதித்த ஆய்வாளர்கள், மழையின் மாற்றத்தாலோ வெப்பம் கூடியதாலோ இந்த வீழ்ச்சியை விளக்க முடியாது என்றும், நிலத்தடி நீரை உறிஞ்சியதும் யூக்கலிப்டஸ் தோப்புகள் பரவியதுமே முதன்மைக் காரணங்களாகத் தெரிகின்றன என்றும் 2015-இல் எழுதினார்கள். ஓடைகளின் குறுக்கே எழுந்த தடைகளுக்கும் பங்கு இருந்தது. ஹைதராபாத்தின் ஹிமாயத் சாகருக்கும் இதே கதை: மழையில் குறிப்பிடத்தக்க போக்கு எதுவும் தெரியவில்லை, வரத்து மட்டும் இறங்கியது, மேலே கிணற்றுப் பாசனமும் நீர் சேகரிப்புக் கட்டுமானங்களும் பெருகியிருந்தன. அந்த அணையைச் சுற்றி 10 கி.மீ. தூரத்துக்குக் கட்டுமானங்களைத் தடுக்கும் அரசாணை 1996-இல் வந்தது; 2022-இல் அது தளர்த்தப்பட்டது. நீரின் தூய்மைக்கு அது தேவையானதே. ஆனால் நீர்ப்பிடிப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். வரத்தைக் குறைத்தவை பெரும்பாலும் அந்த வட்டத்துக்கு வெளியே, கண்ணுக்குத் தெரியாமல் நடந்தவை.

நீர் சேகரிப்புக் கட்டுமானங்களைப் பற்றிச் சொல்வது எனக்கே கடினமாக இருக்கிறது. ஏனெனில் தடுப்பணையும் பண்ணைக்குட்டையும் மேட்டு வரப்பும் அந்தந்த ஊருக்கு நன்மை செய்கின்றன. ஆனால் ஒவ்வொரு குட்டையும் முதலில் தன்னை நிரப்பிக்கொண்டுதான் கீழே விடும். நல்ல மழை ஆண்டில் எல்லாம் நிரம்பி மீதி வந்துவிடுவதால் யாருக்கும் தெரியாது. மழை குறைந்த ஆண்டில் குட்டைகள் எடுப்பது ஏறக்குறைய அதே அளவுதான், மிச்சமோ மிகச் சிறியது. ஆகவே அணைக்கு மிகத் தேவையான ஆண்டில்தான் பாதிப்பு மிகப் பெரிதாக விழுகிறது. மேல்பகுதி ஊர்களின் நன்மையையும் கீழ்ப்பகுதி அணையின் இழப்பையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்காத எந்தத் திட்டமும் பாதித் திட்டமே.

மண் அரிப்பையும் இதோடு சேர்க்க வேண்டும். சரிவில் கிழங்குப் பயிர், வெட்டிப் போட்ட மலைச்சாலை, குவாரி ஆகியவற்றிலிருந்து வரும் வண்டல், நீர்வரத்தைக் குறைப்பதில்லை; அணையின் கொள்ளளவைக் குறைக்கிறது. இதில் பலர் தவறவிடும் ஒரு நுட்பம் உண்டு. பெரும்பாலான அணைகளில் வரத்தை ஆற்றில் நேரடியாக அளப்பதில்லை. நீர்மட்டம் எவ்வளவு ஏறியது என்று பார்த்து, மட்டத்துக்கு உரிய கொள்ளளவு அட்டவணையிலிருந்து கணக்கிடுகிறார்கள். அட்டவணை பழையதாக இருந்து அடியில் வண்டல் ஏறியிருந்தால், ஓர் அடி ஏற்றத்துக்கு அட்டவணை காட்டும் நீரைவிட உண்மையில் வந்தது குறைவு. அதாவது பதிவேட்டில் காணும் சரிவைவிட உண்மையான சரிவு கூடுதலாக இருக்கலாம். ஆராயத் தொடங்குமுன் கடைசியாக எப்போது கொள்ளளவு அளக்கப்பட்டது என்று கேளுங்கள்.

உங்கள் நீர்த்தேக்கத்துக்கு எது காரணம் என்று கண்டறிய, பெரிய கணினி மாதிரிக் கணிப்புகளுக்கு முன்னால் ஓர் எளிய வரைபடம் போதும். ஆண்டு மழையைக் கூட்டிக்கொண்டே போய் ஒரு அச்சிலும், ஆண்டு வரத்தைக் கூட்டிக்கொண்டே போய் மற்றோர் அச்சிலும் குறியுங்கள். நீர்ப்பிடிப்பு மாறாமல் இருந்தால் புள்ளிகள் ஏறக்குறைய நேர்க்கோட்டில் செல்லும்; எந்த ஆண்டில் கோடு வளைகிறதோ அந்த ஆண்டை ஒட்டி நிலத்தில் என்ன நடந்தது என்று தேடுங்கள். அடுத்து, ஒத்த மழை பெய்த இரண்டு ஆண்டுகளை, ஒன்று பழையதும் ஒன்று புதியதுமாக எடுத்து, மாதவாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பருவத் தொடக்க வரத்தும் மழைக்குப் பிந்தைய கசிவும் போயிருந்து, நடுப்பருவப் பெருவெள்ளம் மட்டும் வருகிறதென்றால் கிணறுகளையும் குட்டைகளையும் ஐயுறலாம். வெள்ளம் கூடிக் கசிவு மட்டும் போயிருந்தால் மண் கெட்டிருக்கிறது. எல்லா மாதங்களிலும் கொஞ்சம் கொஞ்சமாக இளைத்து, கோடையில் மிகுதியாக இளைத்திருந்தால் மேலே தோட்டம் வளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டு மழை மாறாவிட்டாலும், அது எத்தனை நாளில் பெய்தது என்பது மாறியிருக்கலாம் என்பதால் நாள் மழைப் பதிவையும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

மரம் நடலாமா என்ற கேள்விக்கு என் விடை இதுதான். பொருக்கேறிய வெற்றுச் சரிவு, அரிப்பு ஓடைகளின் தலை, ஆற்றங்கரை ஆகிய இடங்களில், அந்த மண்ணுக்கே உரிய மரங்களை நெருக்கமில்லாமல் நடுங்கள். வரத்தின் தூய்மைக்கும் கொள்ளளவுக்கும், பல இடங்களில் கோடைக் கசிவுக்கும் அது நல்லது. இயற்கையான புல்வெளியிலும் சதுப்பிலும் எதையும் நடாதீர்கள். வேகமாக வளரும் அயல் மரங்களை நீர்ப்பிடிப்பில் நடாதீர்கள். இருப்பவை பரவினால் அகற்றுங்கள். தென்னாப்பிரிக்கா 1995-இல் தொடங்கிய ‘நீருக்காக உழைப்பு’ என்ற திட்டம், நீர்ப்பிடிப்புகளில் பரவிய அயல் மரங்களை வெட்டும் வேலையை வறியவர்களுக்குக் கூலி வேலையாகக் கொடுத்தது. கர்நாடகம் 2017-இல் புதிதாக யூக்கலிப்டஸ் நடுவதைத் தடை செய்தது. கிணறு காரணம் என்று தெரிந்தால், எத்தனை மரம் நட்டாலும் வரத்து திரும்பாது. பயிரையும் இறைப்பையும் பற்றி மேல்பகுதி ஊர்களோடு உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும்.

காரணத்தை நீக்கிய மறு ஆண்டே வரத்தை எதிர்பார்க்கவும் வேண்டாம். மொகோபுலானில் வறண்டுபோன அந்த யூக்கலிப்டஸ் ஓடையில், மரங்களுக்குப் பதினாறு வயதானபோது தோட்டம் முழுவதையும் வெட்டினார்கள். நிரந்தர ஓட்டம் திரும்ப மேலும் ஐந்து ஆண்டுகள் ஆயின. அத்தனை ஆண்டுகளாக வேர்கள் ஆழத்தில் உறிஞ்சித் தீர்த்திருந்த மண் முதலில் நிறைய வேண்டியிருந்தது. நிலத்தடி நீர்மட்டம் நூறடிக்குக் கீழே போய்விட்ட நிலத்தில் அந்தக் காத்திருப்பு இன்னும் நீளும். அதுவரை அணையின் அளவுகோலைவிட, ஓடைக்கரைக் கிணறுகளின் நீர்மட்டத்தைத்தான் மாதந்தோறும் பார்த்துவர வேண்டும், ஏனெனில் மீட்சி முதலில் அங்கேதான் தெரியும்.